ஷாத்தோநெஃப் து பாப் தோட்டங்களுக்கே போய் வைன் வாங்குவது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு

பாரிசிலிருந்து ஷாத்தோநெஃப் து பாப்புக்கு நான் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்து, பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை, ஜூலை மாதத்தில், வாங்கிய பன்னிரண்டு போத்தல்களை வாகனத்தின் பின்பெட்டியில் வைத்துவிட்டு ஆறுதலாக உணவருந்தப் போனேன். அவற்றில் ஐந்து கெட்டுப்போயின. மூன்றாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தும், கனடாவிலிருந்து வந்திருந்த சித்தியின் மகளுக்குத் திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய வரிப்பணம், பற்றுச்சீட்டு என் பெயரில் இருந்த ஒரே காரணத்தால் கிடைக்கவில்லை. மூன்று பயணங்களிலும் வீணான பணத்தைக் கூட்டினால் 300 யூரோவைத் தாண்டும். வைனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் இந்த இழப்புகளில் ஒன்றுகூட அதனால் வந்ததல்ல. நாளையும் கடதாசியையும் வெயிலையும் கவனிக்காமல் விட்டதால் வந்தவை. பிரான்சில் வாழ்கிறவர்களும், இங்கே உறவினர் வீட்டுக்கு வந்து ஒரு நல்ல போத்தலைக் கொண்டுபோக விரும்புகிறவர்களும் அதே பள்ளங்களில் விழாதிருக்க, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. புறப்படுமுன் பெயரையும் புள்ளியையும் விளங்கிக்கொள்ளுங்கள்

ஷாத்தோநெஃப் து பாப் ஒரு நிலப்பகுதியின் பெயர். தென்கிழக்குப் பிரான்சின் வோக்லூஸ் மாவட்டத்தில், ரோன் ஆற்றின் இடது கரையில், அவின்யோனுக்கும் ஒரோன்ஜுக்கும் நடுவே ஏறத்தாழ 3,200 எக்டேயர் திராட்சைத் தோட்டங்களுக்கு 1936 முதல் இந்தப் பெயருரிமை உண்டு. ஷாத்தோநெஃப் என்ற ஊரோடு கூர்த்தெஸோன், பெதாரித், சோர்க், ஒரோன்ஜ் ஆகிய நான்கு ஊர்களின் நிலங்களும் இதற்குள் அடங்கும். ஆகவே "ஊருக்குப் போனால் எல்லாத் தோட்டங்களையும் நடந்தே பார்க்கலாம்" என்று நினைத்துப் புறப்படாதீர்கள். புகழ்பெற்ற பொக்காஸ்தெல் கூர்த்தெஸோனில் இருக்கிறது. வியூ தெலெகிராஃப் பெதாரித்தில் இருக்கிறது. க்லோ தெ பாப் மட்டும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பெயரைப் போத்தலில் இட ஒரு விளைச்சற்காரர் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட வேண்டும். அனுமதிக்கப்பட்ட பதின்மூன்று திராட்சை வகைகளை மட்டுமே பயன்படுத்தலாம். நிற வேறுபாடுகளைத் தனித்தனியே எண்ணினால் அவை பதினெட்டு ஆகும். பழங்களைக் கையாலேயே பறிக்க வேண்டும், கெட்ட பழங்களைப் பொறுக்கி எறிய வேண்டும், எக்டேயருக்கு 35 எக்டோலீட்டருக்கு (3,500 லீட்டர்) மேல் விளைச்சல் எடுக்கக் கூடாது. நடைமுறையில் சிவப்பு வைனின் பெரும்பங்கு கிரெனாஷ் என்ற திராட்சைதான்; அதற்குத் துணையாகச் சிராவும் மூர்வேத்ரும் சேரும். இங்கே செய்யப்படுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிவப்பு, மீதி வெள்ளை. ரோசே எனப்படும் இளஞ்சிவப்பு வைன் இந்தப் பெயரில் கிடையவே கிடையாது. யாராவது "ஷாத்தோநெஃப் து பாப் ரோசே" என்று விற்றால் அந்தக் கடையை விட்டு வெளியேறிவிடுங்கள்.

இனி, பலரும் ஏமாறும் இடம். விமர்சகர்கள் கொடுக்கும் 95, 98, 100 போன்ற புள்ளிகள் ஒரு தோட்டத்தின், ஒரு குறிப்பிட்ட ஆண்டின், ஒரு குறிப்பிட்ட வைனுக்கு உரியவை. பகுதிக்கோ தோட்டத்துக்கோ மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை அல்ல. வைன் ஸ்பெக்டேட்டர் இதழ் 1991-இல் பொக்காஸ்தெலின் 1989 அறுவடையையும், 2007-இல் க்லோ தெ பாப்பின் 2005 அறுவடையையும் அந்தந்த ஆண்டின் முதலிடத்துக்குத் தெரிவு செய்தது. அந்தப் புகழ் இன்றும் எல்லா ஆண்டுப் போத்தல்களின் விலையிலும் ஏறி அமர்ந்திருக்கிறது. மேலும் பல தோட்டங்கள் வழக்கமான வைனோடு, பழைய கொடிகளின் பழத்தில் செய்த சிறப்புத் தயாரிப்பு ஒன்றையும் விற்கின்றன. விலை இரண்டு மூன்று மடங்காக இருக்கும். பாரிசில் ஒரு கடையில், சிறப்புத் தயாரிப்புக்குக் கிடைத்த புள்ளியை வழக்கமான போத்தலுக்குக் கீழே ஒட்டி வைத்திருந்ததை நானே நம்பி வாங்கியிருக்கிறேன். பெயர்த்தாளில் உள்ள தோட்டத்தின் பெயர், தயாரிப்பின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றும் புள்ளிச்சீட்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று பிசகினாலும் அந்தப் புள்ளி உங்கள் போத்தலுக்கு உரியதல்ல.

ஆண்டுகளைப் பொறுத்தவரை, முழுப் பட்டியலையும் மனனம் செய்யத் தேவையில்லை. 2010, 2016, 2019 ஆகியவை மிகச் சிறந்தவை என்று பெரும்பாலும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2002 அறுவடைக் காலத்தில் வெள்ளம் வந்தது, அதைத் தவிருங்கள். 2018-இல் பூஞ்சை நோயால் விளைச்சல் பெரிதும் குறைந்தது. 2021-இல் வசந்தகாலப் பனி தாக்கியது, அந்த ஆண்டு வைன்கள் சற்று மெலிதானவை. மெலிதானது எப்போதும் குறைபாடல்ல: இந்தப் பகுதி வைன்களில் மதுசாரம் 14, 15 விழுக்காடு வரை ஏறுவது வழக்கம் என்பதால், முதன்முறை குடிப்பவருக்கு 2021 இதமாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

2. நாளையும் மாதத்தையும் தெரிவு செய்யுங்கள்

போவதற்கு நல்ல காலம் மே, ஜூன் மாதங்களும், அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரையிலான நாட்களும். செப்டெம்பரில் அறுவடை நடக்கும். தோட்டம் அழகாக இருக்கும், ஆனால் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இராது, சிறிய தோட்டங்கள் கதவையே திறக்கமாட்டா. ஜூலையும் ஓகஸ்டும் வெப்பத்தாலும் கூட்டத்தாலும் கடினமானவை. ஓகஸ்ட் தொடக்கத்தில் வெரேசோன் என்ற திருவிழா நடக்கும். திராட்சை நிறம் மாறத் தொடங்குவதைக் கொண்டாடும் அந்த நாட்களில் ஊர் நிரம்பி வழியும். வேடிக்கை பார்க்க நல்லது, வைன் வாங்க நல்லதல்ல.

கிழமை அதைவிட முக்கியம். செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்கு முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை எல்லாம் மூடியிருக்கும். பாரிசில் வாழ்ந்து பழகியவர்களுக்கு இது மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊர் நடுவில் உள்ள சில விற்பனை நிலையங்கள் திறந்திருக்கும், தோட்டங்கள் அநேகமாகத் திறந்திரா. எனக்கு நடந்தது அதுதான். இணையத்தில் "திறந்திருக்கிறது" என்று காட்டியதை நம்பி ஞாயிறு மதியம் போனேன். வாசலில் நாய் மட்டும் இருந்தது.

3. சந்திப்பை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்

பெயர்ப்பலகையில் "சூர் ரோந்தெவூ" என்று எழுதியிருந்தால் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று பொருள். அது எழுதப்படாத இடத்திலும் பதிவு செய்துவிட்டே போங்கள். சாதாரணத் தோட்டங்களுக்கு ஒரு வாரம் போதும். பெயர்பெற்றவற்றுக்கு மூன்று நான்கு வாரங்கள் முன்னதாகவே எழுத வேண்டும். மின்னஞ்சலில் நாள், நேரம், எத்தனை பேர், எந்த மொழி, எத்தனை போத்தல் வாங்க எண்ணம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுத வெட்கப்படாதீர்கள். ஆறு போத்தல் வாங்குகிறவருக்குக் கொடுக்கும் நேரம் வேறு, பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் நேரம் வேறு.

ஒரு நாளில் இரண்டு தோட்டங்கள், மிஞ்சினால் மூன்று. நான்காவதில் நாக்கு எதையும் உணராது. ரயாஸ் போன்ற மிக அரிதான பெயர்களைத் தேடி வாசலில் நிற்பதில் பயனில்லை. அத்தகைய வைன்கள் ஒதுக்கீட்டு முறையில் பழைய வாடிக்கையாளருக்கும் இறக்குமதியாளருக்கும் போய்விடுகின்றன, வெளிச்சந்தையில் ஒரு போத்தலுக்குப் பல நூறு யூரோ கேட்கிறார்கள். ஏறத்தாழ 300 உற்பத்தியாளர்கள் உள்ள இடத்தில், முதற்பயணத்துக்கு ஒரு பெரிய பெயரும் பெயர் கேட்டிராத ஒரு சிறிய குடும்பத் தோட்டமும் போதும். என் வீட்டில் இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சிறிய தோட்டத்தினுடையவை.

சுவைப்பதற்கான கட்டணம் இலவசத்திலிருந்து 15 யூரோ வரை இருக்கும். நிலவறையைச் சுற்றிக்காட்டும் பெரிய இடங்களில் 20 முதல் 50 யூரோ வரை போகும். வாங்கினால் கட்டணத்தைக் கழித்துவிடும் இடங்கள் பல உண்டு. ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொதுவான வழக்கமல்ல, பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

4. பயணம்: ஊரின் பெயர், தொடருந்து நிலையம், சாரதி

முதலில் ஒரு சிறிய எச்சரிக்கை. வழிகாட்டிக் கருவியில் "ஷாத்தோநெஃப்" என்று மட்டும் தட்டாதீர்கள். அவின்யோனுக்குக் கிழக்கே ஷாத்தோநெஃப் த கதாஞ் என்று இன்னோர் ஊர் இருக்கிறது. என் மைத்துனர் அங்கே போய் நின்றுகொண்டு, தோட்டத்தைக் காணவில்லை என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். "து பாப்" வரை முழுதாக எழுதி, அஞ்சற்குறியீடு 84230 என்பதையும் சேருங்கள்.

பாரிஸ் கார் த லியோனிலிருந்து அவின்யோனுக்கு அதிவேகத் தொடருந்தில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். அது நிற்கும் நிலையம் நகரத்துக்கு வெளியே உள்ளது. நகர நடுவிலுள்ள பழைய நிலையத்துக்கு இணைப்புத் தொடருந்து ஐந்து ஆறு நிமிடங்களில் கொண்டுசேர்க்கும். இரண்டும் வேறு வேறு என்பது தெரியாமல் வாடகை வாகனத்தை ஒரு நிலையத்தில் பதிவு செய்துவிட்டு மற்றதில் இறங்குகிறவர்கள் அதிகம். பயணச்சீட்டை ஒன்றரை, இரண்டு மாதம் முன்னதாக வாங்கினால் கடைசி வார விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும்.

அவின்யோனிலிருந்து ஷாத்தோநெஃப் ஏறத்தாழ 18 கிலோமீற்றர்; ஒரோன்ஜிலிருந்து 10 கிலோமீற்றர். பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில தடவைகள் மட்டுமே. சந்திப்பு நேரத்தோடு அது பொருந்துவது அரிது. வாடகை வாகனம் எடுப்பவர்கள் சாரதி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு அல்லது வதிவிட அட்டை ஆகியவற்றோடு, வாகனத்தை ஓட்டப்போகிறவரின் பெயரிலேயே உள்ள வங்கிக் கடனட்டையையும் கொண்டுபோக வேண்டும். பணத்தை மனைவியின் அட்டையில் கட்டிவிட்டு, கணவர் வாகனத்தை எடுக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமான செய்தி. பிரான்சில் சாரதியின் இரத்தத்தில் ஒரு லீட்டருக்கு 0.5 கிராம் மதுசாரம் என்பதே எல்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் பெற்றுத் தகுதிகாண் காலத்தில், அதாவது பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளில், இருப்பவருக்கு அந்த எல்லை 0.2 மட்டுமே, ஒரு குவளை வைனே அதைத் தாண்டச் செய்துவிடும். மீறினால் 135 யூரோ தண்டமும், அனுமதிப்பத்திரத்தில் உள்ள புள்ளிகளில் ஆறின் இழப்பும் உண்டு. புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவரிடம் முதலாண்டில் இருப்பதே ஆறு புள்ளிகள்தான். அவை போனால் அனுமதிப்பத்திரமே செல்லாததாகி, மறுபடி பரீட்சை எழுத வேண்டும். இங்கு வந்து பல ஆண்டுகள் கழித்து, நாற்பது வயதில் சிரமப்பட்டு அதைப் பெற்ற நம்மவர்கள் பலர் இந்தத் தகுதிகாண் காலத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே குடிக்காத ஒருவரைச் சாரதியாக அழைத்துப் போங்கள், அல்லது அவின்யோனிலிருந்து புறப்படும் அரைநாள் சுற்றுலா வாகனத்தில் இடம் வாங்குங்கள். ஒருவருக்குச் சுமார் 80 முதல் 120 யூரோ வரை ஆகும். ஈருருளியில் போகலாமே என்பவர்களுக்கு இரண்டு செய்திகள்: அந்த 0.5 எல்லை ஈருருளிக்கும் பொருந்தும். மிஸ்த்ரால் என்ற வடகாற்று வீசும் நாளில் வடக்கு நோக்கி மிதிப்பது தண்டனைக்குச் சமம்.

ஊருக்குள் தெருக்கள் குறுகியவை, மேட்டுநிலம். வாகனத்தை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். இந்த ஊரில் பறக்கும் தட்டுகள் தரையிறங்குவதைத் தடைசெய்யும் 1954-ஆம் ஆண்டு நகரசபை உத்தரவு ஒன்று உண்டு. அதை மீறி யாரும் தண்டம் கட்டியதாகத் தெரியவில்லை, ஆனால் பிழையான இடத்தில் நிறுத்திய வாகனத்துக்கு நான் கட்டியிருக்கிறேன்.

5. சுவைக்கும் இடத்தில்

அன்று வாசனைத் திரவியம் பூசாதீர்கள். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊற்றித் தருவது ஒரு மிடறு அளவுதான். வாயில் சுழற்றிப் பார்த்துவிட்டு, அருகில் வைத்திருக்கும் கலத்தில் துப்பிவிடலாம். இது அங்கே அவமரியாதை அல்ல. தோட்டக்காரரே அப்படித்தான் செய்வார். முதன்முறை எனக்குக் கூச்சமாக இருந்ததால் எல்லாவற்றையும் விழுங்கினேன், இரண்டாம் தோட்டத்தில் என்ன குடித்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகளில் பயனுள்ளது மண்ணைப் பற்றியது. படங்களில் நாம் பார்க்கும் உருண்டைக் கற்கள் லா க்ரோ போன்ற மேட்டுநிலங்களில் உள்ளவை. பகலில் வெப்பத்தை உறிஞ்சி இரவில் கொடிக்குத் திருப்பித் தருவதால், அங்கே விளைவது கனமும் செறிவும் கொண்டதாக இருக்கும். ஆனால் இந்தப் பகுதி முழுவதும் அப்படியல்ல: மணல் நிலங்களும் சுண்ணாம்புக்கல் சிதறிய நிலங்களும் உண்டு. மணலில் விளைந்த கிரெனாஷ் மென்மையாகவும் நறுமணம் மிக்கதாகவும் வரும். ரயாஸின் புகழ் மணலால் வந்ததுதான். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை கடையில் "மணல் நிலத்து வைன் இருக்கிறதா?" என்று கேட்க முடியும். விற்பனையாளர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் வாங்காமல் நன்றி சொல்லிவிட்டு வரலாம். கட்டணம் கொடுத்திருந்தால் அதில் சங்கடமே இல்லை. கட்டணம் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசியவரிடம் ஒன்றிரண்டு போத்தலாவது வாங்குவது நல்ல வழக்கம்.

6. வாங்கும்போது: விலை, பெயர்த்தாள், பற்றுச்சீட்டு

தோட்டத்தில் வழக்கமான சிவப்பு வைனின் விலை போத்தலுக்குப் பெரும்பாலும் 25 முதல் 45 யூரோ வரை. மிகவும் பெயர்பெற்றவை 70 முதல் 100 யூரோவையும் தாண்டும். பல்பொருள் அங்காடிகளில் 20 யூரோவுக்குக் கீழேயும் இந்தப் பெயரோடு போத்தல்கள் கிடைக்கின்றன. அவை போலியல்ல, வணிகர்கள் பல இடங்களில் வாங்கிக் கலந்து அடைத்தவை. அந்த விலைக்கு அண்டையிலுள்ள ஜிகொந்தாசிலோ வக்கெய்ராசிலோ ஒரு நல்ல தோட்டத்து வைன் வாங்கலாம் என்பேன்.

பெயர்த்தாளில் பார்க்க வேண்டியவை இவை: "அப்பெலாசியோன் ஷாத்தோநெஃப் து பாப்" என்ற பெயருரிமை வாசகம், "மி ஒன் பூத்தேய் ஓ தொமேன்" அல்லது "ஓ ஷாத்தோ", அதாவது தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது என்ற வரி, அறுவடை ஆண்டு. பல போத்தல்களின் கழுத்துக்குக் கீழே கண்ணாடியிலேயே போப்பின் மணிமுடியும் குறுக்கிட்ட திறவுகோல்களும் புடைத்துத் தெரியும். இந்தச் சின்னம் 1937 முதல் வழக்கில் உள்ளது. 2002 முதல் வேறொரு வடிவப் போத்தலும் உண்டு. எல்லாத் தோட்டங்களும் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே சின்னம் இல்லையென்பதற்காக ஐயப்படவும் வேண்டாம், சின்னம் இருக்கிறதென்பதற்காகக் கண்ணை மூடி வாங்கவும் வேண்டாம். மூடியின் உச்சியில், பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் உருவம் அச்சிட்ட வரிமுத்திரை இருந்தால், அதில் "ஆர்" எழுத்து விளைச்சற்காரரையும் "என்" எழுத்து வணிகரையும் குறிக்கும். இந்த முத்திரை இப்போது கட்டாயமில்லை என்பதால் சில போத்தல்களில் இராது. அத்தகைய போத்தல்களோடு வீதியில் போகும்போது வரி கட்டப்பட்டதற்குச் சான்றாக உங்களிடம் இருக்கக்கூடியது பற்றுச்சீட்டுத்தான்.

எனவே பெயர், முகவரி, போத்தல்களின் எண்ணிக்கை, ஆண்டு, விலை எல்லாம் உள்ள முழுப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வங்கி அட்டைத் துண்டு போதாது.

7. வெளிநாட்டு உறவினருக்கு வரியைத் திரும்பப் பெறுதல்

பிரான்சில் வைன் விலைக்குள் 20 விழுக்காடு வரி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழ்கிறவர், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர், ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்க வந்தவர், ஒரே கடையில் மூன்று நாட்களுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் அந்த வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இடைத்தரகு நிறுவனம் தன் பங்கை எடுத்தபின் கைக்கு வருவது பொதுவாக 10 முதல் 12 விழுக்காடு. 300 யூரோவுக்கு வாங்கினால் 30 யூரோவுக்குச் சற்று மேல்.

பொறிகள் நான்கு. முதலாவது, எந்தக் கடையும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சிறிய தோட்டங்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை, பதிவு செய்யும் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். இரண்டாவது, வாங்குகிறவர் உறவினராகவே இருக்க வேண்டும்: அவருடைய கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், படிவமும் பற்றுச்சீட்டும் அவர் பெயரில் இருக்க வேண்டும். நான் அன்பால் என் அட்டையைக் கொடுத்து, என் பெயரிலேயே சீட்டு வாங்கினேன். வதிவிட அட்டையோடு இங்கே வாழ்கிற எனக்கு அந்த உரிமை கிடையாது. மூன்றாவது, வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாம் மாத முடிவுக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். நான்காவது, விமான நிலையத்தில் பயணப்பெட்டியை ஒப்படைக்குமுன்னரே பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தின் குறியீட்டைக் காட்டி உறுதிசெய்ய வேண்டும். சுங்க அதிகாரி போத்தல்களைப் பார்க்கக் கேட்கலாம், அப்போது அவை பெட்டியோடு போய்விட்டிருக்கக் கூடாது. வரிசைக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து வருகிறவர்களும் இப்போது இதற்குத் தகுதியுடையவர்கள்.

8. கொண்டுபோதல்: எடை, வெயில், எல்லை

ஒரு நிறைந்த போத்தல் ஒன்றரைக் கிலோ அளவு. பன்னிரண்டு அடங்கிய பெட்டி 16 முதல் 18 கிலோ. தொடருந்தில் தூக்கிக்கொண்டு ஏறுவது ஒருவரால் முடியும், இரண்டு பெட்டிகள் முடியாது. அதற்கு மேல் என்றால் தோட்டத்தையே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரான்சுக்குள் பன்னிரண்டு போத்தலுக்கு நான் கொடுத்தது 24 யூரோ. பெட்டி வந்ததும் அஞ்சற்காரர் முன்னிலையில் திறந்து பார்த்து, உடைவு இருந்தால் ஒப்புதல் சீட்டிலேயே எழுதுங்கள். எழுதாமல் கையொப்பமிட்டால் பிறகு ஈடு கேட்பது கடினம்.

கோடையில் வாகனத்தின் பின்பெட்டி இரண்டு மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். உள்ளே விரிந்த வைன் தக்கையை மேலே தள்ளும், கழுத்தோரம் கசியும், சுவை வேகவைத்த பழம்போல் ஆகிவிடும். ஆகவே வைனைக் கடைசிச் சந்திப்பில், புறப்படுமுன் வாங்குங்கள். முடியாவிட்டால் பணம் கட்டிவிட்டு மாலையில் வந்து எடுப்பதாகச் சொன்னால் நிலவறையிலேயே வைத்திருப்பார்கள். போத்தல்களைக் குளிரூட்டி வேலைசெய்யும் பயணிகள் பகுதியில், துணி போர்த்தி வையுங்கள்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. ஒப்படைக்கும் பெட்டியில், ஒவ்வொரு போத்தலையும் நெகிழிப்பையில் இட்டு, துணிகளின் நடுவே வையுங்கள். 24 விழுக்காட்டுக்குக் குறைந்த மதுசாரம் என்பதால் விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு இல்லை. எடை வரம்பும் போய்ச்சேரும் நாட்டின் சுங்க வரம்பும்தான் கணக்கு.

ஒன்றிய நாடுகளுக்குள், உதாரணமாக ஜெர்மனிக்கு, சொந்தப் பாவனைக்கு 90 லீட்டர் வரை கேள்வி இல்லை. பிரித்தானியாவுக்கு 18 லீட்டர், அதாவது 24 போத்தல். ஒரு போத்தல் கூடினாலும் மிகைக்கு மட்டுமல்ல, முழு வைனுக்கும் வரி கட்ட வேண்டும். சுவிற்சர்லாந்துக்கு ஒருவருக்கு 5 லீட்டர். ஆனால் 2025 முதல் கொண்டுபோகும் பொருட்களின் மொத்தப் பெறுமதி 150 பிராங்கைத் தாண்டினால் பெறுமதிசேர் வரி உண்டு, நல்ல போத்தல்கள் நான்கு ஐந்திலேயே அந்தத் தொகை வந்துவிடும். கனடாவுக்கு ஒன்றரை லீட்டர், சரியாக இரண்டு போத்தல். இந்தியாவுக்கு 2 லீட்டர். இரண்டு போத்தல் ஒன்றரை லீட்டராகி மீதி இடம் இருப்பதுபோல் தோன்றும், மூன்றாவதை வைத்தால் 2.25 லீட்டராகி எல்லையைத் தாண்டிவிடும். எல்லா நாடுகளிலும் இது வயது வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு. பிள்ளைகளின் பெயரில் சேர்க்க முடியாது.

9. வீட்டுக்கு வந்தபின்

பயணம் முடிந்த போத்தலை உடனே திறக்காதீர்கள். இரண்டு வாரமாவது படுக்கவைத்து ஓய்வு கொடுங்கள். நிலவறை இல்லாத அடுக்குமாடி வீட்டில், வெப்பமூட்டிக்கும் அடுப்புக்கும் தூரமான, இருளான அலுமாரியின் அடித்தட்டு ஓராண்டு ஈராண்டுக்குப் போதும். பத்தாண்டு வைக்க எண்ணினால் 12 முதல் 14 பாகையில் நிலையாக வைக்கும் பெட்டி வேண்டும். அது இல்லாதவர்கள் விலை கூடிய போத்தல்களைச் சேர்ப்பது வீண்.

திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கோடையானால் குளிர்பெட்டியில் இருபது நிமிடம் வைத்து எடுங்கள். 16 முதல் 18 பாகையில் பரிமாற வேண்டும். கோடைகால அறை வெப்பத்தில் மதுசாரம் மட்டுமே மூக்கில் ஏறும். இளம் வைனானால் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சற்று நேரம் காற்றுப்பட விடுங்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு இது நன்றாகச் சேரும், ஆனால் மிளகாயை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துச் சமைக்க வேண்டும். 15 விழுக்காட்டு மதுசாரமும் நம் வீட்டு உறைப்பும் சந்தித்தால் நாக்கு எரிவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.